லயத்துக்குள் ஒரு கிட்டார்: முதல் மூன்று மாதத்துக்கு முழு வழிகாட்டி

என் முதல் கிட்டாரை நான் வாசித்ததைவிட ரிப்பேருக்குத் தூக்கிக்கொண்டு அலைந்ததுதான் அதிகம். கண்டியில் வாங்கியது. நைலோன் கம்பி போட வேண்டிய கிட்டார் அது. “இரும்புக் கம்பி போட்டா சத்தம் நல்லா வரும் தம்பி” என்று கடைக்காரர் மாற்றிக் கட்டிக் கொடுத்தார். நானும் சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ஜூன் மழை தொடங்கி மூன்றாவது வாரம், இரவு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உள்ளே ‘டொங்’ என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் பெட்டியிலிருந்து பெயர்ந்து, ஆறு கம்பியிலும் தொங்கிக்கொண்டு கிடக்கிறது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “இதுக்குத்தானா அவ்வளவு காசு?” என்று மட்டும் கேட்டார்.

இப்போது சனிக்கிழமைகளில் தோட்டத்துப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கைப்பேசியைத் திறந்தால் கிட்டார் பாடம் கொட்டிக்கிடக்கிறது. ஆனால் மழைமாதம் முழுக்கச் சுவரில் ஈரம் ஊறும் லயத்துக் காம்பராவில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் அறையில்) கிட்டாரை எங்கே வைப்பது, இரவு ஒன்பது மணிக்குப் பக்கத்து வீட்டை எழுப்பாமல் எப்படி வாசிப்பது என்பதெல்லாம் அதில் இல்லை. இன்னொன்று, அந்தப் பாடங்களில் பெரும்பாலானவை இடது கையில் தொடங்குகின்றன. நான் வலது கையில்தான் தொடங்குவேன். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

எந்தக் கிட்டார்

கடையில் இரண்டு வகை தொங்கும். நைலோன் கம்பி போட்ட கிளாசிக்கல் ஒன்று. இரும்புக் கம்பி போட்ட அக்கூஸ்டிக் மற்றது. கிளாசிக்கலின் கழுத்து அகலம், கம்பி மெது, சத்தம் தணிந்தது. அக்கூஸ்டிக்கின் கழுத்து ஒடுக்கம், சத்தம் பெரிது, முதல் மாதம் விரல் எரியும். சினிமாப் பாட்டு, பொப்பிசை, தேவாலயப் பாட்டு வாசிக்கத்தான் ஆசை என்றால் அக்கூஸ்டிக் எடுங்கள். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை என்றால் முக்கால் அளவுக் கிட்டாரும் நைலோன் கம்பியும்.

எலக்ட்ரிக் விரலுக்கு மிக இலகு என்பது உண்மை. ஆம்ப் (சத்தம் பெருக்கும் பெட்டி) இல்லாமல் வாசித்தால் அடுத்த அறைக்குக்கூடக் கேட்காது. ஆனால் யாராவது பாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க ஆம்பும் வயரும் வேண்டும். முதல் கிட்டாராக நான் அதைச் சொல்வதில்லை.

எதை எடுத்தாலும் கம்பியின் வகையை மட்டும் மாற்றாதீர்கள். நைலோன் கம்பி ஆறும் சேர்ந்து பிரிட்ஜை இழுக்கும் பலம் சுமார் 40 கிலோ. இரும்புக் கம்பி இழுப்பது சுமார் 70 கிலோ. 40 கிலோவுக்குச் செய்த பெட்டியில் 70ஐ மாட்டியதுதான் என் வீட்டில் கேட்ட ‘டொங்’.

மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேல்பலகை ஒட்டுப்பலகையாக இல்லாமல் முழு மரமாக இருந்தால் நாதம் இனிமை என்பார்கள்; சரிதான். ஆனால் அந்தப் பலகை ஈரத்துக்கு உப்பும், காய்ந்தால் வெடிக்கும். ஒட்டுப்பலகைக் கிட்டார் விலையும் குறைவு, நம் சீதோஷ்ணத்துக்கும் தாங்கும். முதல் கிட்டார் ஒட்டுப்பலகையாக இருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கையில் எடுத்ததும் கடையிலேயே பார்க்க வேண்டியவை சில உண்டு. பழைய கிட்டார் என்றால் இன்னும் கவனமாக. முதலில், தலைப்பக்கம் இருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைப் பாருங்கள். தண்டவாளம் மாதிரி நேராக ஓட வேண்டும். லேசான குழிவு பரவாயில்லை, முறுக்கு இருக்கக் கூடாது. அடுத்து ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்து பிரிட்ஜின் பின்விளிம்பில் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் அது பெயரத் தொடங்கிவிட்டது, வேண்டாம். பிறகு பள்ளிக்கூட அடிமட்டத்தை 12ஆவது ஃபிரெட்டின் (கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கட்டை, தலைப்பக்கமிருந்து எண்ணுவது) மேல் நிறுத்தித் தடித்த கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளவுங்கள். அடிமட்டத்தில் பூச்சியத்துக்கு முன்னால் கொஞ்சம் வெற்றிடம் இருக்கும், அதைக் கணக்கில் சேருங்கள். இரும்புக் கம்பிக்கு இரண்டரை மில்லிமீட்டர் அளவில் இருந்தால் நல்லது. மூன்றைத் தாண்டினால் அழுத்த அழுத்த விரல் நோகும். கிளாசிக்கல் என்றால் நான்கு வரை போகலாம்.

கடைசியாக ஒரு சோதனை. கம்பியின் சரி பாதிதான் 12ஆவது ஃபிரெட். முழு நீளம் பெரும்பாலும் 650 மில்லிமீட்டர். 19ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் கிட்டார் செய்த அந்தோனியோ டி தோரஸ் வழக்கத்துக்குக் கொண்டுவந்த அளவு. அந்த 12ஆவது ஃபிரெட்டின் நேர் மேலே கம்பியை அழுத்தாமல், விரலால் தொட்டும் தொடாமலும் மீட்டினால் மணி மாதிரி ஒரு ஓசை வரும். பிறகு அதே இடத்தில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுருதியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் எவ்வளவு சரியாகப் பிடித்தாலும் மேலே போகப்போக அந்தக் கிட்டார் அபசுரம்தான் பேசும்.

இத்தனையும் பார்க்கக் கடைக்காரர் விடமாட்டார் என்றால் வேறு கடைக்குப் போங்கள்.

மழைக்காலத்தில் கிட்டாரைக் காப்பது

கிட்டாருக்குப் பிடித்த காற்று ஈரப்பதம் நூற்றுக்கு 45 முதல் 55 வரை. நுவரெலியாவிலும் அட்டனிலும் மழை பிடித்துக்கொண்டால் அது 80ஐத் தாண்டுவது சாதாரணம். மேற்குப் பக்கம் வட்டவளை, கினிகத்தேனை, மஸ்கெலியா, நோர்வூட் ஆட்களுக்கு மே முதல் செப்டெம்பர் வரை ஆபத்துக் காலம். பதுளை, பண்டாரவளைப் பக்கம் மார்கழி, தைதான்.

ஈரம் குடித்த மரம் உப்புகிறது. மேல்பலகை வயிறு மாதிரி எழும்புகிறது, பிரிட்ஜும் கூடவே எழும்புகிறது, கம்பி உயர்ந்துவிடுகிறது. போன மாதம் சுலபமாக அழுத்திய கம்பி இந்த மாதம் கை கடுக்கிறது என்றால் உங்கள் கையைத் திட்டாதீர்கள், அடிமட்டத்தை எடுத்து 12ஆவது ஃபிரெட்டை மறுபடி அளவுங்கள்.

காமன் கூத்துக்குத் தப்பு அடிக்கிறவர்கள் தோல் தளர்ந்தால் நெருப்புக் காட்டிக் காய்ச்சி எடுப்பார்கள். அதைப் பார்த்து வளர்ந்த என் மாணவன் ஒருவன் கிட்டாரையும் அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தான். கிட்டார் பசையில் நிற்கிற சாமான். சூட்டில் பசை இளகும். தப்புக்குச் செய்வதை இதற்குச் செய்யக் கூடாது.

செய்ய வேண்டியது சுலபம். மழை நேரடியாக அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். இரண்டு காம்பராவுக்கும் நடுவில் உள்ள உட்சுவர்தான் வீட்டிலேயே காய்ந்த சுவர், அதில் ஒரு கொக்கி. சுவருக்கும் கிட்டாருக்கும் நடுவில் ஒரு துணி. அடை மழை வாரங்களில் மட்டும் பையில் போட்டு, சப்பாத்துப் பெட்டிக்குள் வருமே அந்தச் சிலிக்கா பொட்டலங்கள், அதில் நாலைந்தைக் கூடப் போட்டு மூடுங்கள். வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் கம்பியின் மேலும் கீழும் துடையுங்கள். விரல் வியர்வையும் மலைக்காற்றும் சேர்ந்தால் இரும்புக் கம்பி துருப்பிடிக்க அதிக நாள் எடுக்காது.

மற்ற மாதங்களில் பையில் பூட்டி வைக்காதீர்கள். கண்ணில் படும் கிட்டாரைத்தான் கை தேடும். ஸிப்பை இழுத்து, பையைக் கழற்றி எடுக்கும் அந்த அரை நிமிடச் சோம்பலில் எத்தனை பேர் கிட்டாரை விட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

சுருதி சேர்ப்பது

மெல்லிய கம்பிதான் 1ஆவது, தடித்தது 6ஆவது. புதியவர்கள் பாதிப் பேர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு ஒரு வாரம் திண்டாடுவார்கள். தடித்ததிலிருந்து மெல்லியது வரை சுரங்களின் பெயர் ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. முதலும் கடைசியும் ஒரே பெயர்தான், ஆனால் இரண்டு ஸ்தாயி வித்தியாசம்.

கைப்பேசியில் இலவச டியூனர் ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். மீட்டினால் எந்தச் சுரம், கூடவா குறைவா என்று காட்டும். ஒரு பழக்கம் முக்கியம்: எப்போதும் கீழிருந்து ஏற்றிச் சேருங்கள். கூடிவிட்டால் நன்றாகத் தளர்த்திவிட்டு மறுபடி ஏற்றுங்கள். இறக்கிக்கொண்டு வந்து நிறுத்தினால் கம்பியை முறுக்கும் கீயில் இருக்கும் தளர்வு இரண்டு நிமிடத்தில் கம்பியை இன்னும் இறக்கிவிடும்.

டியூனர் இல்லாமலும் சேர்க்கத் தெரிந்திருக்க வேண்டும். சார்ஜ் இறங்கிய நேரத்தில்தானே யாராவது “ஒரு பாட்டு வாசிங்க” என்பார்கள். 6ஆவது கம்பியின் 5ஆவது ஃபிரெட்டை அழுத்தினால் வருவது 5ஆவது கம்பியின் திறந்த ஓசை. 5இலிருந்து 4, 4இலிருந்து 3 எல்லாம் அப்படியே 5ஆவது ஃபிரெட். 3இலிருந்து 2க்கு மட்டும் 4ஆவது ஃபிரெட். 2இலிருந்து 1க்கு மறுபடி 5. ஒரு கம்பி சரியாக இருந்தால் மற்றவற்றை அதிலிருந்து பிடிக்கலாம். தினமும் முதலில் காதால் சேர்த்து, பிறகு டியூனரில் சரிபாருங்கள். இரண்டு மாதத்தில் காது வேலை செய்யத் தொடங்கும்.

காலைக் குளிரில் சேர்த்த சுருதி வெயில் ஏறியதும் மாறித்தான் இருக்கும். கிட்டார் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

முதலில் வலது கை

கை இல்லாத கதிரை அல்லது முக்காலியில் உட்காருங்கள். கட்டிலில் உட்கார்ந்தால் முதுகு வளையும். கிட்டாரின் இடுப்பை வலது தொடையில் வைத்து, வலது முழங்கையின் உட்பக்கத்தைப் பெட்டியின் மேல் சாயுங்கள். இடது கையை எடுத்துவிட்டாலும் கிட்டார் அசையாமல் நிற்க வேண்டும். இடது கையால் கழுத்தைத் தாங்கிப் பிடித்தால் அந்தக் கை பிறகு எதற்கும் உதவாது.

முதல் நாலு நாள் கோர்ட் எதுவும் கிடையாது. (நீதிமன்றக் கோர்ட் இல்லை. மூன்று நான்கு சுரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிக்கவிடுவதைச் சொல்கிறேன்.) இடது கை விரல்களைக் கம்பிகளின் மேல் போர்வை மாதிரி மெதுவாகப் போடுங்கள், அழுத்தாதீர்கள். இப்போது வலது கையால் அடித்தால் சுரம் வராது, ‘சக் சக்’ என்ற சத்தம் மட்டும்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வாயால் எண்ணிக்கொண்டு மேலிருந்து கீழாக அடியுங்கள். மணிக்கட்டு ஆட வேண்டும், முழங்கை இல்லை. கையில் ஒட்டிய தண்ணீரை உதறுகிற மாதிரி என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன், உடனே பிடித்துக்கொள்வார்கள்.

பிக் (கம்பியை அடிக்கும் சின்னத் தகடு) மெல்லியதாக வாங்குங்கள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவில் பிடித்து, நுனி கொஞ்சம் மட்டும் வெளியே தெரியட்டும். நிறைய நீட்டினால் கம்பியில் சிக்கும்.

கீழ் அடி சீரானதும் மேல் அடி. ஒன்று-உம், இரண்டு-உம், மூன்று-உம், நான்கு-உம் என்று எண்ணுங்கள். எண்ணுக்குக் கை கீழே, ‘உம்’முக்கு மேலே. இதில் ஒரு ரகசியம் இருக்கிறது. கை நிற்கவே கூடாது. சில இடங்களில் கம்பியில் படாமல் காற்றில் போகலாம், ஆனால் ஊஞ்சல் நிற்கக் கூடாது. ‘கீழ், கீழ்-மேல், மேல்-கீழ்-மேல்’ என்ற பிரபலமான அடியில் நான்கு எண்ணும் ஒரு சுற்றுக்குக் கை எட்டு முறை அசைகிறது. கம்பியில் படுவது ஆறு முறைதான். மற்ற இரண்டும் காற்று. எண்ணிப் பார்த்தால், ஒன்று, இரண்டு-உம், (மூன்று காற்றில்) உம், நான்கு-உம்.

பிறகு ஆறு எண்ணுகிற அடி. ஒன்று இரண்டு மூன்று நான்கு ஐந்து ஆறு. ஒன்றிலும் நான்கிலும் அழுத்தம். கல்யாண வீட்டில் பைலா தொடங்கியதும் கால் தானாக ஆடுகிறதே, அதன் உள்ளே ஓடுவது இந்த ஆறுதான். முதலில் ஆறையும் கீழ் அடியாகவே அடித்துப் பழகுங்கள்.

இடது கை தப்பான சுரத்தைப் பிடித்தாலும் தாளம் ஓடிக்கொண்டிருந்தால் பாடுகிறவர் பாடிக்கொண்டே இருப்பார். கோர்ட் எல்லாம் சரியாக இருந்து தாளம் நின்றால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். தப்பு மேளச் சத்தம் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்குத் தாளம் உடம்பிலேயே இருக்கிறது. லயத்தில் பிறந்தவர்களுக்கு லயம் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை, கையை விட்டுக்கொடுத்தால் போதும். அதனால்தான் இங்கே தொடங்குகிறேன்.

இடது கைக்கு ஒரு கம்பி

ஆள்காட்டி விரல் 1, நடுவிரல் 2, மோதிர விரல் 3, சுண்டு விரல் 4. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். கட்டை விரல் கழுத்தின் பின்னால் நிற்கட்டும்.

அழுத்துகிற இடம்தான் இங்கே எல்லாமே. 1ஆவது கம்பியின் 3ஆவது ஃபிரெட்டை எடுங்கள். இரண்டு உலோகக் கட்டைக்கும் நடுவில் விரலை வைத்து மீட்டிப் பாருங்கள். ‘பர்ர்’ என்று வண்டு மாதிரி இரைவது கேட்கலாம். விரலை மெல்ல மெல்லப் பெட்டிப் பக்கமாக நகர்த்துங்கள். உலோகக் கட்டையைத் தொடப்போகிற இடத்துக்கு வந்ததும் இரைச்சல் நின்று சுரம் தெளிகிறது. இப்போது அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். ஓரளவு வரை குறைத்தாலும் அந்தச் சுரம் தெளிவாகவே நிற்கும். உங்களுக்குத் தேவையான பலம் அவ்வளவுதான். புதியவர்கள் இதைப்போல் மூன்று மடங்கு அழுத்திவிட்டு, “அண்ணே, கை வலிக்குது” என்பார்கள்.

பாடசாலையில் சங்கீதம் படித்தவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. ஏதாவது ஒரு கம்பியைத் திறந்து மீட்டி அதை ச என்று வையுங்கள். 2, 4, 5, 7, 9, 11, 12 ஆகிய ஃபிரெட்டுகளில் ரி க ம ப த நி ச வரும். இது சங்கராபரணம், மேற்கத்தையர் மேஜர் ஸ்கேல் என்பதும் இந்த சுரங்களைத்தான். சரளி வரிசை படித்த மாயாமாளவகௌளை வேண்டுமென்றால் 1, 4, 5, 7, 8, 11, 12. தெரிந்த வரிசையை ஒரே கம்பியில் ஏறி இறங்கி வாசிக்கும்போது ஒரு ஃபிரெட் என்றால் எவ்வளவு தூரம் என்று காதே கற்றுக்கொள்கிறது. சங்கீதம் படிக்காதவர்கள் கவலைப்பட வேண்டாம், எண்ணைப் பார்த்து வாசித்தாலே போதும்.

கோர்ட்: ஐந்து போதும்

ஈ மைனரில் தொடங்குங்கள். 5ஆவது, 4ஆவது கம்பிகளின் 2ஆவது ஃபிரெட்டில் இரண்டு விரல், அவ்வளவுதான். ஆறு கம்பியையும் அடிக்கலாம். அடிக்க முன்னால் ஒவ்வொரு கம்பியாகத் தனியே மீட்டிப் பாருங்கள். 3ஆவது கம்பி ஊமையாக இருந்தால் பக்கத்து விரல் சாய்ந்து அதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. விரலை நிமிர்த்தி நுனியில் நிற்க வையுங்கள்.

அடுத்தது ஏ மைனர். 1ஆவது விரல் 2ஆவது கம்பியின் 1ஆவது ஃபிரெட்டில். 2ஆவது விரலும் 3ஆவது விரலும் 4ஆவது, 3ஆவது கம்பிகளின் 2ஆவது ஃபிரெட்டில். 5ஆவது கம்பியிலிருந்து கீழே அடியுங்கள். இப்போது மற்ற இரண்டு விரலையும் அசைக்காமல் 3ஆவது விரலை மட்டும் தூக்கி 5ஆவது கம்பியின் 3ஆவது ஃபிரெட்டில் வையுங்கள். சி வந்துவிட்டது. ஒரு விரல் நகர்ந்து ஒரு கோர்ட் மாறுவதைப் பார்க்கும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஜி: 2ஆவது விரல் 6ஆவது கம்பியின் 3ஆவது ஃபிரெட், 1ஆவது விரல் 5ஆவது கம்பியின் 2ஆவது ஃபிரெட், 3ஆவது விரல் 1ஆவது கம்பியின் 3ஆவது ஃபிரெட். ஆறு கம்பியும் பேசும். டி: 1ஆவது விரல் 3ஆவது கம்பியிலும் 2ஆவது விரல் 1ஆவது கம்பியிலும் 2ஆவது ஃபிரெட்டில் இருக்க, 3ஆவது விரல் 2ஆவது கம்பியின் 3ஆவது ஃபிரெட்டில். 4ஆவது கம்பியிலிருந்துதான் அடி.

இந்த ஐந்தில் ஜி, சி, டி, ஈ மைனர் நாலும் ஒரே குடும்பம். எழுபதுகளின் நம் நாட்டுப் பொப்பிசை, பைலா, கோயில் பஜனை என்று எதைத் தொட்டாலும் இவற்றுக்குள் அடங்கும் பாட்டு நிறையக் கிடைக்கும்.

எஃப் என்று ஒன்று வரும். ஆள்காட்டி விரலால் ஆறு கம்பியையும் அமுக்கச் சொல்வார்கள். முதல் மூன்று மாதத்தில் அதோடு மல்லுக்கட்டாதீர்கள். 4ஆவது கம்பி 3ஆவது ஃபிரெட், 3ஆவது கம்பி 2ஆவது, 2ஆவது கம்பி 1ஆவது, மெல்லிய கம்பி திறந்தபடி. எஃபின் தங்கை மாதிரி ஒரு கோர்ட் இது. பெரும்பாலான பாட்டில் அண்ணன் இல்லாத குறை தெரியாது.

இருபது நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் வாசிப்பதைவிட ஒவ்வொரு நாளும் இருபது நிமிடம் வாசிப்பது மேல். விரல் நுனித் தோல் தடிப்பதும் அப்படித்தான், ஞாபகம் ஏறுவதும் அப்படித்தான்.

எந்த நேரம்? விடியற்காலை பெரட்டுக்கு (தோட்ட வேலைக்கு ஆள் கணக்கெடுப்பதற்கு) முன்னால் எழும்பிப் பழகுவேன் என்று தொடங்கியவர்கள் ஒரு வாரம் தாண்டியதில்லை. குளிரில் விரல் மடங்காது, வீட்டில் ஆளுக்கொரு அவசரம். பள்ளிக்கூடம் விட்டு வந்து தேத்தண்ணி கொதிக்கிற நேரம், டியூஷனுக்கு முன்னால், அதுதான் என் அனுபவத்தில் நிலைத்திருக்கிறது. வேலைக்குப் போகிறவர்களுக்கு இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால். புதிதாக ஒரு நேரத்தை உண்டாக்காமல், தினமும் எப்படியும் நடக்கிற ஒரு காரியத்தின் வாலில் கட்டிவிடுங்கள்.

முதல் இரண்டு நிமிடம் சுருதி. அடுத்த மூன்று நிமிடம் விரல் நடை: 6ஆவது கம்பியில் 1, 2, 3, 4ஆவது ஃபிரெட்டுகளில் நான்கு விரலையும் ஒவ்வொன்றாக வைத்து, கம்பி கம்பியாகக் கீழே வந்து திரும்பிப் போவது. கை குளிர்ந்திருந்தால் 5ஆவது ஃபிரெட்டிலிருந்து தொடங்குங்கள், அங்கே இடைவெளி குறைவு. பிறகு ஐந்து நிமிடம் ஊமை அடி (அந்தச் ‘சக் சக்’ அடி), தாளம் தட்டும் மெட்ரோனோம் நிமிடத்துக்கு 60இல். மூன்று முறை பிசகாமல் வந்தால் 65. பிசகினால் 55. வெட்கமில்லாமல் இறக்குங்கள்.

அடுத்த ஐந்து நிமிடம்தான் உண்மையான வேலை: கோர்ட் மாற்றம். இரண்டு கோர்ட்டை எடுங்கள், கைப்பேசியில் ஒரு நிமிடம் வையுங்கள், ஒன்றிலிருந்து மற்றதுக்கு எத்தனை முறை மாறினீர்கள் என்று எண்ணிக் கொப்பியில் எழுதுங்கள். முதல் நாள் ஆறோ ஏழோ வரும். என் மாணவி ஒருத்தி ஜியிலிருந்து சிக்கு முதல் நாள் 4 எழுதினாள், ஏழாவது வாரம் 38. அவளுடைய கொப்பியில் நடுவில் ஒரு வாரம் 22, 21, 19 என்று இறங்கியிருக்கிறது. பக்கத்திலேயே ‘காய்ச்சல்’ என்று எழுதி வைத்திருக்கிறாள். முப்பதைத் தாண்டினால் அந்த ஜோடி பாட்டுக்குத் தயார்.

மிச்ச ஐந்து நிமிடம் பாட்டு. பிடித்த பாட்டில் ஒரு வரி மட்டும். தப்பு வந்தாலும் நிறுத்தாமல், கை ஊஞ்சல் நிற்காமல் வரியின் கடைசி வரை போங்கள். முதலுக்குத் திரும்பித் திரும்பி வாசிப்பவர்களுக்கு எல்லாப் பாட்டின் முதல் வரியும் நன்றாக வரும், அதற்கு மேல் ஒன்றும் வராது.

முடியாத நாளும் வரும். அன்றைக்கு இரண்டு நிமிடம் சுருதி மட்டும் சேர்த்துவிட்டு மாட்டிவிடுங்கள். கொப்பியில் ‘சுருதி’ என்று எழுதினால் அதுவும் ஒரு நாள்தான்.

வாரக் கணக்காகச் சொன்னால், முதல் இரண்டு வாரம் ஊமை அடி, ஒற்றைக் கம்பி, ஈ மைனர். ஐந்தாவது வாரத்துக்குள் ஏ மைனர், சி. எட்டாவது வாரத்துக்குள் ஜியும் டியும், மேல்-கீழ் அடியும். அப்புறம் பன்னிரண்டு வரை புதிதாக ஒன்றும் வேண்டாம். மூன்று பாட்டை முழுதாக, பாடிக்கொண்டு. மாதம் ஒரு முறை கைப்பேசியில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். பதிவைக் கேட்க உங்களுக்கே பிடிக்காது, பரவாயில்லை.

வலியைப் பற்றி: விரல் நுனி எரிவது மூன்று நாலு வாரத்தில் போய்விடும். துணி துவைத்து ஊறிய விரலோடு உடனே வாசிக்காதீர்கள், தோல் உரியும். ஆனால் மணிக்கட்டிலோ முழங்கையிலோ வலித்தால் அன்றைக்கு நிறுத்துங்கள். அது பழக்கத்தில் போகிற வலி இல்லை, பிடிக்கிற விதத்தில் பிழை.

பக்கத்துக் காம்பரா

லயத்தில் ஒரு வீட்டில் இருமினால் மூன்றாவது வீட்டில் கேட்கும். நான் ஒரே இரண்டு கோர்ட்டை ஒரு மாதமாக அடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்துக் காம்பரா மாமா இஸ்தோப்பில் நின்று, “தம்பி, அந்தப் பாட்டுல அடுத்த வரியே இல்லையா?” என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

அன்றிலிருந்து இரவுப் பழக்கத்துக்கு ஒரு கைக்குட்டையை மடித்து, பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கம்பிகளுக்கு அடியில் செருகிவிடுவேன். சத்தம் பாதிக்கு மேல் அடங்கும், தாளம் தெளிவாகக் கேட்கும். விரல் நடையையும் கோர்ட் மாற்றத்தையும் மீட்டாமலேயே, இடது கையால் மட்டும்கூடச் செய்யலாம். பாட்டை மட்டும் பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேட்கிறவர்களுக்கும் ஏதாவது கிடைக்க வேண்டுமில்லையா.

பாடுகிறவருக்கு வாசிக்க

நீங்கள் ஜியில் பழகிய பாட்டு தங்கச்சியின் குரலுக்கு எட்டாது, அல்லது ரொம்பக் கீழே இருக்கும். அதற்குத்தான் கேப்போ. கழுத்தில் கிளிப் மாதிரி மாட்டினால் எல்லாக் கம்பியும் சேர்ந்து உயரும், ஒரு ஃபிரெட்டுக்கு அரைச் சுரம். சி கோர்ட்டையே பிடித்துக்கொண்டு 2ஆவது ஃபிரெட்டில் கேப்போ போட்டால் கேட்பது டி. கேப்போவை ஃபிரெட்டின் உலோகத்துக்குச் சரியாகப் பின்னால், நேராக மாட்டுங்கள். மாட்டியதும் சுருதியை மறுபடி பாருங்கள். கிட்டாருக்கு அடுத்ததாகக் காசு செலவழிக்க வேண்டியது இதற்குத்தான்.

ஆசிரியர் வேண்டுமா என்றால், மூன்றாவது மாதத்தில் ஒரு தடவையாவது தெரிந்தவர் ஒருவருக்கு முன்னால் வாசித்துக் காட்டுங்கள். கட்டை விரல் எங்கே நிற்கிறது என்று வீடியோ உங்களுக்குச் சொல்லாது. சான்றிதழ் வேண்டியவர்களுக்கு லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் தரப் பரீட்சைகள் இலங்கையிலும் நடக்கின்றன. ஆரம்ப நிலையிலிருந்து 8ஆம் தரம் வரை. அவசரம் ஒன்றுமில்லை.

கம்பி மாற்றுவது

துரு கண்ணுக்குத் தெரிந்தாலோ, விரலால் தடவும்போது சொரசொரத்தாலோ, சேர்த்த சுருதி நிற்காமல் போனாலோ மாற்றுங்கள். தினமும் வாசிக்கிறவருக்கு மூன்று நாலு மாதத்துக்கு ஒரு முறை வரும். இரும்புக் கம்பிக் கிட்டாருக்கு 10 அல்லது 11இல் (1ஆவது கம்பியின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தின் பங்கு) தொடங்கும் மெல்லிய செட் கேளுங்கள், விரலுக்கும் பிரிட்ஜுக்கும் நல்லது. ஆறையும் ஒரேயடியாகக் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றினால் எந்தக் கம்பி எந்தக் கீக்கு என்று குழம்பாது. கீயில் இரண்டு மூன்று சுற்று இருக்கட்டும், முதல் சுற்றை ஒட்டிக் கீழ்நோக்கிச் சுற்றுங்கள். புதுக் கம்பி முதல் இரண்டு நாள் இளகிக்கொண்டே இருக்கும். விரலால் மெதுவாக இழுத்துவிட்டு மறுபடி மறுபடி சேருங்கள்.

கழற்றிய கம்பியையும் வெட்டிய நுனிகளையும் வாசலில் இருந்து கீழே மலைக்குள் வீசாதீர்கள். நுனி ஊசி மாதிரி இருக்கும். தேயிலைச் செடிக்குள் சிக்கிக்கொண்டால் கொழுந்தெடுக்கக் கைவிடுகிற அக்காமார் விரலில்தான் ஏறும். ஒரு பழைய பால்மா டின்னில் போட்டு மூடி வையுங்கள். என் டின் கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது.